நம் ப்ரோகிராம் ஓடும்போது ஓஎஸ் எங்கே இருக்கும்?

நுனிப்புல்:

வணக்கம். சிஸ்டம் சாஃப்ட்வேர், ஓஎஸ் (இயங்குதளம்) இரண்டையும் அடியிலிருந்து படித்துக்கொண்டிருக்கிறேன். எந்தப் பாடத்தைத் திறந்தாலும் "சிஸ்டம் சாஃப்ட்வேர் வன்பொருளை இயக்கும், அப்ளிகேஷன் பயனரின் வேலையைச் செய்யும், ஓஎஸ் நடுவில் பாலமாக நிற்கும்" என்றுதான் ஆரம்பிக்கிறது. ஒப்பிக்க வசதி. கொஞ்சம் யோசித்தால் இடிக்கிறது.

முதல் சந்தேகம்: ஒரே ஒரு கோர் (கட்டளைகளை இயக்கும் பகுதி) உள்ள சிபியு ஒரு சமயத்தில் ஒரு ப்ரோகிராமைத்தான் ஓட்ட முடியும். அப்படியென்றால் என் ப்ரோகிராம் ஓடும்போது ஓஎஸ் ஓடவில்லை. ஓடாத ஒன்று, ஓடுகிற ஒன்றை எப்படிக் கட்டுப்படுத்தும்?

இரண்டாவது: கம்பைலர் எந்த வன்பொருளையும் தொடுவதில்லை. அது ஏன் சிஸ்டம் சாஃப்ட்வேர்? பிரௌசர், ஃபைல் மேனேஜர், கருப்புத்திரை டெர்மினல் எல்லாம் எந்தக் கணக்கில் வரும்?

மூன்றாவது: எல்லாவற்றையும் நினைவகத்தில் ஏற்றுவது ஓஎஸ் என்றால், ஓஎஸ்ஸை ஏற்றுவது யார்?

வரையறை வேண்டாம், அது கையில் இருக்கிறது. உள்ளே நடப்பதைச் சொல்லுங்கள். சோதித்துப் பார்க்க ஒரு மெய்நிகர் இயந்திரத்தில் லினக்ஸ் வைத்திருக்கிறேன்.

கட்டளைவரி:

முதல் கேள்விக்கு மட்டும் நான் பதில் சொல்கிறேன், அதுதான் மூன்றிலும் ஆழமானது.

உங்கள் ஊகம் சரி. உங்கள் ப்ரோகிராம் ஒரு கோரில் ஓடும் கணத்தில் அந்தக் கோரில் ஓஎஸ் ஓடவில்லை. பின்னால் உட்கார்ந்து கண்கொத்திப் பாம்பாகப் பார்த்துக்கொண்டிருக்கும் மேற்பார்வையாளர் யாரும் கிடையாது. கெர்னல், அதாவது ஓஎஸ்ஸின் மையப் பகுதி, நினைவகத்தில் சும்மா கிடக்கும் நிரல். ஏதாவது நடந்தால் சிபியு அதற்குள் போகும், வேலை முடிந்ததும் வெளியே வரும். உள்ளே போக மூன்று வாசல்கள் உண்டு.

ஒன்று, ப்ரோகிராம் தானே கேட்டுப் போவது: சிஸ்டம் கால். கோப்பைப் படிக்க வேண்டும், திரையில் எழுத வேண்டும், புது ப்ராசஸ் (ஓடிக்கொண்டிருக்கும் ப்ரோகிராம்) தொடங்க வேண்டும் என்றால் இதுதான் வழி. ஏன் நேரடியாகச் செய்ய முடியாது? எக்ஸ்86 சிபியுவில் சலுகை நிலைகள் உண்டு. கெர்னல் ரிங் 0, சாதாரண ப்ரோகிராம்கள் ரிங் 3. (ஏஆர்எம் சிப்பில் இதையே இஎல்1, இஎல்0 என்பார்கள்.) ரிங் 3இல் இருந்துகொண்டு சிபியுவை நிறுத்தும் கட்டளையையோ, பக்க அட்டவணையை (எந்த நினைவகம் யாருக்கு என்ற பட்டியல்) மாற்றும் கட்டளையையோ கொடுத்தால் சிபியுவே மறுத்துவிடும். மறுப்பது ஓஎஸ் அல்ல, சிலிக்கான். இதை மனதில் வையுங்கள்.

எக்ஸ்86-64 லினக்ஸில் ஒவ்வொரு சேவைக்கும் ஓர் எண் இருக்கிறது: ரீட் 0, ரைட் 1, ஓப்பன் 2. ப்ரோகிராம் அந்த எண்ணை ஒரு ரெஜிஸ்டரில் (சிபியுவுக்குள் இருக்கும் சிறு சேமிப்பிடம்) வைத்து, சிஸ்கால் என்ற ஒற்றைக் கட்டளையை இயக்கும். சிபியு ரிங் 0க்கு மாறும். அதே மூச்சில் கெர்னல் பூட் ஆகும்போது குறித்து வைத்த ஒரே முகவரிக்குத் தாவும். எங்கே தாவுவது என்று ப்ரோகிராம் தேர்ந்தெடுக்க முடியாது. கதவு ஒன்று, அது எங்கே இருக்க வேண்டும் என்று முடிவு செய்ததும் வீட்டுக்காரர்.

இரண்டு, தப்புச் செய்து மாட்டிக்கொண்டு போவது: பூஜ்ஜியத்தால் வகுத்தல், அனுமதியில்லாத முகவரியைத் தொடுதல், தெரியாத கட்டளை. சிபியு ஓட்டத்தை நிறுத்திக் கெர்னலிடம் ஒப்படைக்கும்.

மூன்று, வெளியிலிருந்து பிடித்து இழுப்பது: இன்டரப்ட். விசைப்பலகை, வட்டு, நெட்வொர்க் கார்டு எல்லாம் அனுப்பும். உங்கள் கேள்விக்கான சாவி இதில் டைமர் இன்டரப்ட். கெர்னல் ஒரு ப்ரோகிராமிடம் சிபியுவைக் கொடுப்பதற்கு முன் டைமரை வைத்துவிட்டுத்தான் கொடுக்கிறது. லினக்ஸில் இந்தத் துடிப்பு கெர்னலைத் தொகுக்கும்போது வைக்கும் அளவைப் பொறுத்து நொடிக்கு 100, 250, 300 அல்லது 1000. உங்கள் ப்ரோகிராம் முடிவில்லாத லூப்பில் சுற்றினாலும் டைமர் அடித்ததும் சிபியு கெர்னலுக்குள் போயே தீரும். அங்கே ஷெட்யூலர் அடுத்த ஆளைத் தேர்ந்தெடுக்கும்.

டைமரை இப்படிப் பயன்படுத்தாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு விண்டோஸ் 3.1ம் மேக் ஓஎஸ் 9ம் சாட்சி. ஒவ்வொரு ப்ரோகிராமும் தானாக முன்வந்து சிபியுவை விட்டுக்கொடுக்க வேண்டும். ஒன்று சிக்கிக்கொண்டால் திரை முழுவதும் உறைந்துவிடும்.

ஆள் மாற்றம் இலவசம் இல்லை. ரெஜிஸ்டர்கள், ஸ்டாக் சுட்டி, எந்தக் கட்டளையில் நின்றது என்ற விவரம் எல்லாவற்றையும் எடுத்து வைத்து, அடுத்தவருடையதை ஏற்ற வேண்டும். இதற்கே ஒன்றிரண்டு மைக்ரோ நொடிகள் போகலாம். அதைவிடப் பெரிய செலவு, புதிதாக வந்தவருடைய தரவு கேஷில் (சிபியுவின் வேகமான சிறு நினைவகம்) இல்லாமல் கொஞ்ச நேரம் ராமுக்கும் சிபியுவுக்கும் அலைவது.

கண்ணால் பார்க்க ஒரு சோதனை. டிடி கட்டளையால் பூஜ்ஜிய சாதனத்திலிருந்து (கேட்கக் கேட்கப் பூஜ்ஜியமே தருவது) ஒரு கோப்புக்கு 1 எம்பி நகலெடுங்கள். முதல் தடவை பிளாக் அளவு 1 பைட், எண்ணிக்கை 10,48,576. இரண்டாம் தடவை பிளாக் அளவு 1 எம்பி, எண்ணிக்கை 1. இரண்டுக்கும் முன்னால் டைம் கட்டளையைச் சேர்த்துக்கொள்ளுங்கள். எழுதப்படும் தரவு அதே ஒரு எம்பிதான். ஆனால் முதல் தடவை 10 லட்சத்துக்கு மேல் ரீட், அதே அளவு ரைட். அதாவது வாசலை 20 லட்சம் தடவைக்கு மேல் தாண்டியிருக்கிறது. டைம் காட்டும் மூன்று வரிகளில் 'சிஸ்' என்பது கெர்னலுக்குள் கழிந்த நேரம், 'யூசர்' என்பது வெளியே கழிந்த நேரம். சிஸ்டம் கால்களைக் காட்டும் எஸ்ட்ரேஸ் கட்டளையை 'சி' ஆப்ஷனோடு ஓட்டினால் எந்தக் கால் எத்தனை முறை என்று அட்டவணையே வரும்.

இந்தச் செலவைக் குறைக்கத்தான் சி மொழியின் லைப்ரரி ப்ரின்ட்எஃப் போடும் எழுத்துகளைச் சேர்த்து வைத்து மொத்தமாக ரைட் செய்கிறது. வெளியீடு டெர்மினலுக்குப் போனால் வரிக்கு வரி. கோப்புக்கோ பைப்புக்கோ திருப்பினால் சில ஆயிரம் பைட் சேர்ந்த பிறகு. பலரும் சறுக்கும் இடம் இது. ப்ரோகிராம் நடுவில் விழுந்தால் சேர்த்து வைத்ததும் போய்விடும். பதிவுக் கோப்பில் 40ஆம் வரி வரைதான் இருக்கிறது, ஆகவே பிழை 41இல் என்று தேடிக்கொண்டிருப்பார்கள். உண்மையில் அது 90ஐத் தாண்டி விழுந்திருக்கும். பிழை தேடும்போது ஸ்டாண்டர்ட் எரருக்கு எழுதுங்கள், அது சேர்த்து வைக்காது. இல்லையென்றால் ஒவ்வொரு அச்சுக்கும் பின்னால் எஃப்ஃப்ளஷ், சேர்த்து வைத்ததை அது உடனே அனுப்பிவிடும்.

ஒற்றைபிட்:

நல்ல பதில். ஒரு திருத்தம் மட்டும். "கெர்னல் சும்மா கிடக்கும் நிரல்" என்பது முக்கால் உண்மை. கெர்னலுக்கே சொந்தமான த்ரெட்கள் (தனித்து ஓடும் கட்டளைச் சரடுகள்) உண்டு: கேவொர்க்கர், கேஸ்வாப்டி மாதிரி. பிஎஸ் கட்டளையில் சதுர அடைப்புக்குள் பெயர் தெரிந்தால் அது கெர்னல் த்ரெட். அவையும் மற்றவர்களோடு வரிசையில் நின்று ஷெட்யூலரிடம் முறை வாங்கித்தான் ஓடுகின்றன. ஆகவே அடிப்படை வாதம் கெடவில்லை.

இன்னொன்று, இன்றைய கணினியில் 8, 16 கோர்கள். ஒரு கோர் உங்கள் ப்ரோகிராமில் இருக்கும்போது வேறு மூன்று ஒரே சமயத்தில் கெர்னலுக்குள் இருக்கலாம், அதே பட்டியலைத் தொட முயலலாம். அதனால்தான் கெர்னல் நிரலில் எங்கு பார்த்தாலும் பூட்டுகள்.

மூலநிரல்:

இரண்டாம் கேள்விக்கு வருகிறேன். சிக்கல் கம்பைலரில் இல்லை, "வன்பொருளை இயக்கும்" என்ற வரையறையில் இருக்கிறது. இப்படிப் பாருங்கள்: எதன் வாடிக்கையாளர் இன்னொரு மென்பொருளோ அது சிஸ்டம் சாஃப்ட்வேர், எதன் வாடிக்கையாளர் கடிதம் எழுதுகிற, படம் திருத்துகிற, கணக்குப் போடுகிற மனிதரோ அது அப்ளிகேஷன். கம்பைலர், அசெம்ப்ளர், லிங்கர், லோடர் நான்கும் மற்ற மென்பொருள் பிறப்பதற்கும் ஓடுவதற்கும் இருப்பவை. விளிம்பில் நிற்பவை எப்போதும் இருக்கும். டேட்டாபேஸ் சர்வரை எந்தப் பக்கம் வைப்பது என்று மல்லுக்கட்டிப் பயனில்லை. தேர்வில் புத்தகம் சொல்வதை எழுதிவிட்டு நகருங்கள்.

நடுவே ஒன்று: தமிழில் 'செயலி' என்றால் ஆப் என்றும் பொருள், ப்ராசசர் என்றும் பொருள். ஓஎஸ் பற்றி எழுதும்போது இதைவிடப் பெரிய தொல்லை வேறில்லை. "செயலி செயலியை இயக்கும்" என்று ஒரு வாக்கியம் எழுதிவிட முடியும்! அதனால் நான் சிபியு, ஆப் என்றே எழுதுகிறேன்.

இனி அந்த நால்வர். சி நிரலைத் தொகுக்க ஜிசிசி என்று ஒரே கட்டளை கொடுக்கிறோம், உள்ளே நாலு கட்டம் நடக்கிறது. முதலில் ப்ரீப்ராசசர்: ஹெடர் கோப்புகளை அப்படியே உள்ளே கொட்டும், மேக்ரோக்களை விரிக்கும். ஐந்து வரி சி நிரல் பல நூறு வரியாகிவிடும். அடுத்து கம்பைலர் அதை அசெம்ப்ளி ஆக்கும். மூன்றாவதாக அசெம்ப்ளர் ஆப்ஜெக்ட் கோப்பு ஆக்கும். இந்தக் கட்டத்தில் ப்ரின்ட்எஃப் எங்கே இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. அந்த முகவரி வெற்றிடமாக விடப்பட்டிருக்கும். நாலாவதாக லிங்கர் வந்து வெற்றிடங்களை நிரப்பும்.

எந்தக் கட்டத்தில் பிழை வந்தது என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. "அன்டிஃபைன்ட் ரெஃபரன்ஸ்" என்று வந்தால் உங்கள் சி வாக்கியத்தில் குறையில்லை. அது லிங்கரின் புகார். அந்தப் பெயருக்கான உடல் அதற்குக் கிடைக்கவில்லை. வழக்கமான காரணங்கள்: லைப்ரரியைச் சொல்லவில்லை, அல்லது சொன்ன இடம் தப்பு. லிங்கர் இடமிருந்து வலமாகப் போகும். லைப்ரரியின் பெயர் அதைத் தேவைப்படும் கோப்புக்குப் பின்னால் வர வேண்டும். முன்னால் போட்டால் "இப்போது யாருக்கும் தேவையில்லை" என்று கடந்து போய்விடலாம்.

லோடர் பற்றிப் பாடங்கள் ஒரு வரியில் முடித்துவிடும், ஆனால் அங்கேதான் விநோதமான பிழைகள். லினக்ஸில் ஓடும் கோப்பின் வடிவம் ஈஎல்எஃப். டைனமிக் லிங்கிங் (லைப்ரரிகளை ஓடும்போது இணைப்பது) உள்ள கோப்பாக இருந்தால், அதன் தலைப்பகுதியில் "என்னை ஓட்ட இந்த லோடர் வேண்டும்" என்று ஒரு பாதை எழுதியிருக்கும். கெர்னல் முதலில் அந்த லோடரை ஏற்றும். லோடர் தேவையான லைப்ரரிகளை ஏற்றி முகவரிகளைப் பொருத்தும். அதன் பிறகே உங்கள் மெயின் ஃபங்ஷன் ஓடும். இப்போது ஒரு 32 பிட் ஓடுகோப்பை 64 பிட் லைப்ரரிகள் மட்டும் உள்ள கணினியில் ஓட்டினால், கோப்பு கண்ணெதிரே இருக்கும், ஆனாலும் "அப்படி ஒரு கோப்பு இல்லை" என்று பதில் வரும். இல்லாதது உங்கள் கோப்பு அல்ல, அது கேட்ட லோடர். விண்டோஸ் எடிட்டரில் எழுதிய ஸ்கிரிப்டை லினக்ஸில் ஓட்டும்போதும் பெரும்பாலும் இதே பிழைதான். முதல் வரியின் கடைசியில் கண்ணுக்குத் தெரியாத ஓர் எழுத்து ஒட்டிக்கொண்டு, இன்டர்ப்ரெட்டரின் பெயரையே மாற்றிவிடும். டாஸ்2யூனிக்ஸ் கட்டளை அதை நீக்கும்.

ஃபைல் மேனேஜர், டெர்மினல்: ஓஎஸ்ஸோடு சேர்த்து விநியோகிக்கப்படுபவை, ஆனால் ரிங் 3இல் ஓடும் சாதாரண ப்ரோகிராம்கள். டெர்மினலும் ஷெல்லும்கூட ஒன்றல்ல. ஒன்று எழுத்துகளை வரையும் சாளரம், மற்றது கட்டளையைப் புரிந்துகொண்டு புது ப்ராசஸ் தொடங்குவது. இரண்டையும் கொன்றாலும் கணினி ஓடும். பிரௌசர் அப்ளிகேஷன்தான், உள்ளே தனித்தனி ப்ராசஸ், அனுமதி, நினைவகப் பங்கீடு என்று குட்டி ஓஎஸ் போல நடந்துகொள்கிறது, அவ்வளவே.

"ஓஎஸ்" என்ற சொல்லே இரண்டு பொருளில் புழங்குகிறது: சிலருக்கு அது கெர்னல் மட்டும், சிலருக்குப் பெட்டியில் வந்த மொத்தமும். ஆண்ட்ராய்டில் இருப்பது லினக்ஸ் கெர்னல். ஆனால் அதற்கு மேலே இருப்பது உபுண்டுவிலிருந்து முற்றிலும் வேறு.

நுனிப்புல்:

மிக்க நன்றி. டிடி சோதனையில் கெர்னல் நேரம் பளிச்சென்று தெரிகிறது. ஆனால் புதுச் சந்தேகம்: நினைவகத்தைப் படிப்பது ரிங் 3இல் தடைசெய்யப்பட்ட கட்டளை இல்லையே? ஒரு ப்ரோகிராம் இன்னொன்றின் நினைவகத்தைப் படிக்காமல் தடுப்பது எப்படி? ஒவ்வொரு தடவையும் கெர்னல் சரிபார்த்தால் எல்லாம் ஆமை வேகமாகிவிடுமே?

பக்கம்4096:

கெர்னல் சரிபார்ப்பதில்லை. அட்டவணை எழுதிக் கொடுப்பதோடு அதன் வேலை முடிகிறது; ஒவ்வொரு தடவையும் பார்ப்பது சிபியுவுக்குள் இருக்கும் எம்எம்யூ, அதாவது முகவரிகளை மொழிபெயர்க்கும் பகுதி.

உங்கள் ப்ரோகிராம் பயன்படுத்தும் முகவரி எதுவும் ராமின் உண்மையான முகவரி இல்லை. மெய்நிகர் முகவரி. ராம் 4096 பைட் கட்டங்களாகப் பிரிக்கப்படுகிறது; 8 ஜிபி ராம் என்றால் 20,97,152 கட்டங்கள். ஒவ்வொரு ப்ராசஸுக்கும் தனிப் பக்க அட்டவணை: இந்த மெய்நிகர் பக்கம் இந்தக் கட்டத்தில், படிக்கலாமா, எழுதலாமா, இயக்கலாமா. எக்ஸ்86-64இல் வழக்கமான முகவரி 48 பிட். அதில் கடைசி 12 பிட் பக்கத்துக்குள் இடம் (2இன் 12ஆம் அடுக்கு 4096), மீதி 36 பிட் ஒன்பது ஒன்பதாக நாலு அடுக்கு அட்டவணை. ஒரே எண்ணை இரண்டு ப்ரோகிராம்கள் தொட்டாலும் அட்டவணை வேறு, ஆகவே போய்ச் சேரும் கட்டமும் வேறு. அடுத்தவரின் கட்டம் உங்கள் அட்டவணையில் இல்லவே இல்லை. பூட்டிய அறை என்றால்கூட உடைக்க முயலலாம்; இங்கே அறைக்கு வழியே இல்லை.

நாலு அடுக்கையும் ஒவ்வொரு தடவையும் ஏறி இறங்கினால் நீங்கள் சொன்ன ஆமை வேகம்தான். அதற்காக அண்மையில் கண்டுபிடித்த பதில்களை டிஎல்பி என்ற சிறு கேஷ் வைத்திருக்கும். கட்டளைவரி சொன்ன ஆள் மாற்றச் செலவில் இதுவும் சேரும்: ப்ராசஸ் மாறினால் பழைய பதில்கள் உதவாது. ஒரே ப்ராசஸின் இரண்டு த்ரெட்களுக்குள் மாறினால் அட்டவணை அதேதான், செலவு குறைவு.

அட்டவணையில் பதில் கிடைக்காவிட்டால் பேஜ் ஃபால்ட். பெயரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், ஆரோக்கியமான கணினியிலேயே ஓயாமல் நடக்கும். பக்கம் ஒதுக்கியது உண்மை, ஆனால் முதல் முறையாக இப்போதுதான் தொடுகிறீர்கள் என்றால் கெர்னல் ஒரு கட்டத்தைக் கொடுத்துவிட்டு அதே கட்டளையை மறுபடி ஓட்டச் சொல்லும். பக்கம் ஸ்வாப்புக்குப் (ராமில் இடமில்லாதபோது பயன்படும் வட்டுப் பகுதி) போயிருந்தால் வட்டிலிருந்து கொண்டுவரும். இரண்டும் இல்லையென்றால் செக்மென்டேஷன் ஃபால்ட், ப்ரோகிராம் விழும்.

முதல் வகையால் ஒரு வேடிக்கை. மேலாக் என்ற சி ஃபங்ஷனால் 1 ஜிபி நினைவகம் கேளுங்கள், உடனே கிடைக்கும். டாப் கட்டளையில் 'விர்ட்' (கேட்டது) ஏறும், 'ரெஸ்' (உண்மையில் ராமில் இருப்பது) ஏறாது. அந்த இடத்தில் எழுதத் தொடங்கினால்தான் 'ரெஸ்' ஏறும். அதாவது லினக்ஸ் கையில் இருப்பதைவிட அதிகமாக வாக்குக் கொடுக்கும். எல்லோரும் ஒரே சமயத்தில் வாக்கை நிறைவேற்றச் சொன்னால்? ஓஓஎம் கில்லர் (நினைவகம் தீரும்போது எழும் கெர்னல் பகுதி) வந்து ஒரு ப்ராசஸைக் கொல்லும். கொல்லப்பட்டவர் பதிவுக் கோப்பில் ஒரு வரிகூட எழுத நேரமிருக்காது. சத்தமில்லாமல் சர்வர் காணாமல் போனால் முதலில் டிமெசேஜ் (dmesg, கெர்னலின் செய்திகளைக் காட்டும் கட்டளை) வெளியீட்டைப் பாருங்கள். ஷெல்லில் வெளியேற்ற எண் 137 என்றால் யாரோ கொன்றது (128 கூட்டல் சிக்னல் 9), 139 என்றால் தானே விழுந்தது (128 கூட்டல் சிக்னல் 11).

ஃப்ரீ கட்டளையில் 'ஃப்ரீ' பத்தி சின்னதாக இருப்பதைப் பார்த்து ராம் தீர்ந்துவிட்டது என்று அலற வேண்டாம். சும்மா இருக்கும் ராமைக் கெர்னல் கோப்பு கேஷாக வைத்திருக்கும், தேவைப்பட்டால் விட்டுக்கொடுக்கும். பார்க்க வேண்டியது 'அவெய்லபிள்' பத்தி. அதுவும் குறைந்து, விஎம்ஸ்டாட் கட்டளையில் ஸ்வாப்புக்குள் போவதும் வருவதும் தொடர்ந்து ஓடினால்தான் உண்மையான நெருக்கடி. ராமைத் தொடுவது 100 நானோ நொடி அளவு. சுழலும் வட்டைத் தொடுவது 10 மில்லி நொடி அளவு. லட்சம் மடங்கு வித்தியாசம். கணினி உறைந்தது போலத் தெரிவது அதனால்தான்.

ஒற்றைபிட்:

மூன்றாம் கேள்வியை யாரும் எடுக்கவில்லை, நான் எடுக்கிறேன்.

எக்ஸ்86 சிபியுவுக்கு மின்சாரம் வந்து ரீசெட் ஆனதும் ஒரே ஒரு முகவரி தெரியும்: 4 ஜிபி எல்லைக்கு 16 பைட் கீழே. மதர்போர்டு அந்த இடத்தில் ராமை வைப்பதில்லை, ஃபர்ம்வேர் (நிரந்தரமாகப் பதிந்திருக்கும் நிரல்) சிப்பை வைக்கிறது. ஆகவே முதல் கட்டளை ஏற்றப்படுவதே இல்லை, ஏற்கெனவே அங்கே இருக்கிறது. உங்கள் புதிருக்கு விடை அவ்வளவுதான்.

அதன் பின் ஒவ்வொருவரும் தன்னைவிடக் கொஞ்சம் கெட்டிக்காரரை ஏற்றிவிட்டு ஒதுங்குவார். யூஈஎஃப்ஐ ஃபர்ம்வேர் ராமைத் தயார்செய்து, வட்டின் ஜிபிடி அட்டவணையை (பகிர்வுகளின் பட்டியல்) படித்து, ஃபேட் வடிவிலுள்ள ஈஎஸ்பி என்ற பூட் பகிர்விலிருந்து, கெர்னலை ஏற்றும் பூட்லோடரை எடுக்கும். பழைய பயாஸ் முறையில் இதற்குக் கிடைத்தது முதல் செக்டரின் 512 பைட் மட்டும்: 446 நிரலுக்கு, 64 பகிர்வு அட்டவணைக்கு, 2 அடையாளத்துக்கு. அந்த அட்டவணையில் செக்டர் எண் 32 பிட். 512 பைட் செக்டரில் 2 டிபிக்கு மேல் எட்டாததன் காரணம் அதுதான்.

பூட்லோடர் கெர்னலையும் இனிட்ராம்எஃப்எஸ் என்ற சிறு கோப்பு மூட்டையையும் ராமில் வைக்கும். அந்த மூட்டை எதற்கு? வட்டைப் படிக்க டிரைவர் வேண்டும். டிரைவர் வட்டில் இருக்கிறது. கோழியா முட்டையா கதை. தேவையான டிரைவர்களை முன்கூட்டியே கட்டிக் கையில் கொடுத்துவிடுகிறார்கள். கெர்னல் அந்த மூட்டையிலுள்ள இனிட் நிரலைப் பிஐடி 1 ஆக, அதாவது முதல் யூசர் ப்ராசஸாகத் தொடங்கும். அது உண்மையான ரூட் பகிர்வை மவுன்ட் செய்துவிட்டு (கோப்புகளைத் தொடும்படி இணைத்துவிட்டு) அதே பிஐடி 1இல் வட்டிலுள்ள இனிட்டிடம் ஒப்படைக்கும், பெரும்பாலான விநியோகங்களில் அது சிஸ்டம்டி. மற்ற யூசர் ப்ராசஸ்கள் எல்லாம் அதன் வழிவந்தவை.

இந்த வரிசை தெரிந்திருப்பதன் பயன் கணினி எழும்பாதபோது தெரியும். திரையே வரவில்லை, பீப் மட்டும் என்றால் ஓஎஸ்ஸை மறுபடி நிறுவிப் பயனில்லை. ராம், ஃபர்ம்வேர் கட்டம். பூட் சாதனம் இல்லை என்றால் ஈஎஸ்பி, பூட் வரிசை, வட்டின் கேபிள். கிரப் ரெஸ்க்யூ என்று நின்றால், லினக்ஸில் வழக்கமான பூட்லோடரான கிரப் தன்னுடைய கோப்புகளையே கண்டுபிடிக்கவில்லை, பகிர்வை அழித்திருப்பீர்கள் அல்லது எண் மாறியிருக்கும். கெர்னல் பேனிக், ரூட்டை மவுன்ட் செய்ய முடியவில்லை என்றால் இனிட்ராம்எஃப்எஸ் இல்லை அல்லது யூயூஐடி (பகிர்வின் அடையாள எண்) தப்பு. இந்தக் கடைசி வகைக்கு ஒரு வழக்கமான காரணம் உண்டு. பூட் பகிர்வு சின்னது, பழைய கெர்னல்கள் சேர்ந்து நிரம்பிவிடும், புது இனிட்ராம்எஃப்எஸ் பாதியில் வெட்டுப்படும். அப்டேட்டுக்கு முன் அந்தப் பகிர்வில் இடம் பாருங்கள். பழையவற்றை நீக்கும்போது ஓடிக்கொண்டிருப்பதையும் முந்தைய ஒன்றையும் விட்டுவைக்க வேண்டும்.

டிரைவர் பேச்சு வந்ததால்: டிரைவர்களில் பெரும்பாலானவை ரிங் 0இல் ஓடுகின்றன. மூலநிரல் சொன்ன "கொன்றாலும் கணினி ஓடும்" சலுகை இங்கே இல்லை. 2024 ஜூலை 19இல் ஒரு பாதுகாப்பு மென்பொருளின் கெர்னல் டிரைவர் குறையுள்ள தரவுக் கோப்பு ஒன்றைப் படித்து எல்லை தாண்டிய முகவரியைத் தொட்டது. மைக்ரோசாஃப்ட் கணக்கில் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத்திரைக்குப் போயின. அதே பிழை ரிங் 3இல் நடந்திருந்தால் செத்திருப்பது அந்த ஒரு ப்ராசஸ்.

நுனிப்புல்:

கடைசியாக ஒன்று. ரைட் வாசல் வழியாகப் போய் வெற்றி என்று திரும்பி வந்துவிட்டால் தரவு வட்டுக்குப் போய்விட்டது என்று எடுத்துக்கொள்ளலாமா?

கட்டளைவரி:

கூடாது. ரைட் வெற்றி என்றால் தரவு உங்களிடமிருந்து கெர்னலின் கேஷுக்குப் போனது என்று மட்டும் பொருள். லினக்ஸின் இயல்பு அமைப்பில் எழுதும் த்ரெட் 5 நொடிக்கு ஒருமுறை எழுந்து, 30 நொடிக்கு மேல் காத்திருக்கும் பக்கங்களை வட்டுக்கு அனுப்பும். நகலெடுப்பு முடிந்தது என்று திரை சொன்ன மறுகணம் பென்டிரைவைப் பிடுங்கினால் கோப்பு பாழாவது இதனால்தான். சிங்க் கட்டளை முடியும்வரை, அல்லது அன்மவுன்ட் முடியும்வரை காத்திருங்கள்.

ப்ரோகிராமுக்குள் உறுதி வேண்டுமென்றால் எஃப்சிங்க், தரவு வட்டுக்குப் போகும்வரை காத்திருக்கும் சிஸ்டம் கால். அமைப்புக் கோப்பு ஒன்றை மாற்றி எழுதுகிறீர்கள் என்றால் அதன் மேலேயே எழுதாதீர்கள், நடுவில் மின்சாரம் போனால் பழையதும் இல்லை புதியதும் இல்லை. அதே டைரக்டரியில் தற்காலிகக் கோப்பாக எழுதி, எஃப்சிங்க் செய்து, பிறகு பழைய பெயருக்கு ரீநேம் செய்யுங்கள், டைரக்டரிக்கும் ஓர் எஃப்சிங்க். ஒரே கோப்பு முறைமைக்குள் ரீநேம் பிரிக்க முடியாத ஒற்றைச் செயல். பார்ப்பவருக்குப் பழைய கோப்பு தெரியும் அல்லது புதியது தெரியும், பாதி தெரியாது. தற்காலிகக் கோப்பை வேறு பகிர்வில் வைத்தால் ரீநேம் பிழை தரும்; எம்வி கட்டளையோ சத்தமில்லாமல் நகலெடுத்து அழிக்கும், இந்த உறுதி போய்விடும்.

வட்டுப் பக்கம் இன்னும் இரண்டு பொறிகள். பெரிய பதிவுக் கோப்பை அழித்த பிறகும் டிஎஃப் (வட்டில் மீதி இடம் காட்டும் கட்டளை) நிரம்பியதாகவே காட்டும், டியூவால் (கோப்புகளின் அளவைக் கூட்டும் கட்டளை) கூட்டினால் கணக்கு உதைக்கும். அழித்தது பெயரை மட்டும். ஏதோ ஒரு ப்ராசஸ் அதைத் திறந்து வைத்திருக்கிறது, அது மூடும்வரை கெர்னல் இடத்தை விடாது. திறந்த கோப்புகளைக் காட்டும் எல்எஸ்ஓஎஃப் பட்டியலில் 'டெலீட்டட்' என்று தேடுங்கள், அந்தச் சர்வீஸை மறுபடி தொடங்கினால் இடம் திரும்பிவிடும். மற்றது, இடம் தாராளமாக இருந்தும் "இடமில்லை" என்ற பிழை. டிஎஃப்பை 'ஐ' ஆப்ஷனோடு ஓட்டுங்கள், ஐநோட் (ஒவ்வொரு கோப்புக்கும் தேவைப்படும் பதிவு) தீர்ந்திருக்கும். லினக்ஸின் எக்ஸ்ட்4 கோப்பு முறைமையில் ஐநோட் எண்ணிக்கை கோப்பு முறைமையை உருவாக்கும்போதே முடிவாகிவிடுகிறது. பல லட்சம் குட்டிக் கோப்புகள் சேர்ந்தால் வட்டு பாதி காலியாக இருக்கும்போதே அது தீரும். பெரும்பாலும் குற்றவாளி ஏதாவது ஒரு கேஷ் அல்லது செஷன் டைரக்டரி. அங்கே எல்எஸ் போட்டால் வெகுநேரம் பதில் வராது, அதுவே அடையாளம்.